தெருக்குத்து வீடு

சன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்க அம்முணி. எனக்கு வெயில் ஆகாது, அரை மணி நேரத்துல தலை கனத்துக்கும். ஈரோட்டுல ஏறுனீங்களா? நான் திருப்பூர்லயே ஏறிட்டேன். மெட்ராஸ் வரைக்கும் போறேனுங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஒரு விசாரணை இருக்குது.

போன்ல பேசிட்டு இருந்தீங்களே, சென்னிமலைப் பக்கம் ஆறு செண்டு இடம், வித்துப்போடலாமான்னு. நான் ஒட்டுக் கேக்கலீங்க. செண்டுன்னு ஒரு வார்த்தை வந்தா என்ற காது தானாத் திரும்பிக்கும், தொழில் அப்படி. நான் ஏஜெண்டுங்க. புரோக்கர்னு சொல்லிராதீங்க, கோபம் வந்துரும். ரெரா நம்பர், அதான் ரியல் எஸ்டேட் ஆணையத்து லைசென்ஸ், வாங்கின ஏஜெண்டு. பல்லடத்துல பொம்பளைகள்ல மொதல்ல வாங்கினது இந்தத் துளசிமணிதான். கார்டு தரேன் இருங்க, கைப்பை மேல கெடக்குது, அப்புறமா எடுக்கறேன்.

என்ன விசாரணைன்னு கேக்கறீங்களா? கேக்கலியா? முகத்துல கேக்கற மாதிரி இருந்துது. சொல்றேனுங்க. ஒரு வீட்ட வித்தவரும் வாங்கினவரும் ஒண்ணாச் சேந்து, ஒரே பேப்பர்ல கையெழுத்துப் போட்டு என்ற மேல புகார் குடுத்துருக்காங்க. இருபத்திரண்டு வருஷத்துல நான் இப்படி ஒண்ணக் கேள்விப்பட்டதில்ல. எப்பவும் அவங்க ரெண்டு பேருந்தான் அடிச்சுக்குவாங்க, நாங்க நடுவுல நின்னு சமாதானம் பண்ணுவோம். இங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி ஆயிட்டாங்க, நான் எதிரி ஆயிட்டேன். அந்தப் பொண்ணு செத்துப்போனதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்? நீங்களே கேட்டுட்டு ஞாயத்தச் சொல்லுங்க.

வித்தவரு பேரு சென்னியப்பன். பஞ்சாயத்து போர்டுல பில் கலெக்டரா இருந்தவரு. வயசு எழுவத்தி நாலு. சம்சாரம் போய்ச் சேந்து எட்டு வருஷம் ஆச்சு. ஒரே பொண்ணு, ருக்குமணி. ருக்குன்னு கூப்பிடுவாரு. அவளுக்கு முப்பத்தாறு வயசு, ஆனா புத்தி அஞ்சு வயசோட நின்னுபோச்சு. தானாச் சாப்பிடுவா, தானாத் துணி மாத்திக்குவா, அவ்வளவுதான். அவ பாட்டுக்கு ஒரு மூலைல உக்காந்து பொட்டு ஒட்டிட்டு இருப்பா. கடையில அட்டை அட்டையா விக்கறாங்களே ஸ்டிக்கர் பொட்டு, அது. கேட்டுல ஒட்டுவா, பக்கெட்டுல ஒட்டுவா, கரண்டு மீட்டர்ல ஒட்டுவா. மீட்டர் பாக்க வர்ற ஆளு கோவிச்சுக்கிட்டுப் போவாப்ல.

பெரியவருக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரில பத்து நாள் கெடந்தாரு. வந்ததும் எனக்குத்தான் போன் பண்ணாரு. வீட்ட வித்துக் குடுங்க அம்முணின்னாரு. கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு ஹோம் இருக்குதுங்க, நெம்ப நல்ல ஹோமு. இருபது லட்சம் மொத்தமாக் கட்டிட்டா ஆயுசுக்கும் பாத்துக்குவாங்க. ஒவ்வொருத்தருக்கும் தனிக் கட்டிலு, தனி பீரோ. அவரு ருக்குவக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்காரு. அவ ஒரு கட்டில் மேல ஏறி உக்காந்தவ எறங்க மாட்டேன்னுட்டாளாம். "என்ற கண்ணு மூடறதுக்குள்ள அந்தக் கட்டில அவளுக்கு வாங்கிக் குடுத்தரோணும்"னு எங்கிட்டச் சொன்னாரு. அதத் தவிர அவருக்கு வேற ஆசையே இல்லீங்க. இருபத்திரண்டு லட்சம் வெலை சொன்னாரு.

வீடு பழசு. ஆனா எடம் நல்ல எடம். ஒரே ஒரு கொறை, தெருக்குத்து. உங்களுக்குத் தெரியுமே, தெரு நேரா வந்து வாசல்ல முட்டும். தெரு மொனைல நின்னு பாத்தா அம்பு வுட்ட மாதிரி நேரா அந்த வீட்டுக் கேட்டுதான் தெரியும். நம்ம ஆளுக தெருக்குத்துன்னா கிட்டயே வர மாட்டாங்க. நான் ரெண்டு பார்ட்டியக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். ரெண்டு பேரும் கேட்டத் தொடாமயே திரும்பிப் போயிட்டாங்க. அவங்க ரெண்டு பேரும் வாஸ்து பாக்காம செருப்புக் கூட வாங்க மாட்டாங்கன்னு எனக்கு முன்னாடியே தெரியும், அது வேற விஷயம். தொழில்ல அப்படித்தானுங்க. மொதல்ல வாங்காதவனக் காட்டோணும். அப்பத்தான் விக்கறவங்களுக்கு நெலவரம் புரியும்.

பெரியவரு எறங்கி வந்தாரு. "இருபதாச்சும் வந்தாத்தானுங்க அம்முணி அந்தக் கட்டிலு"ன்னாரு. நான் சொன்னேன், ஐயா, ஆனி முடியப் போகுது. ஆடி பொறந்துட்டா ஒருத்தனும் பத்திர ஆபீஸ் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டான். ஆவணி வரைக்கும் உங்க நெஞ்சு தாங்குமான்னு யோசிச்சுக்குங்கன்னேன். தப்பாங்க? டாக்டர் சொன்னதத்தான நான் சொன்னேன்? பதினாறுக்கு என்ற தம்பியே வாங்கிக்குவான், பொண்ணு மொகத்துக்காகன்னேன். அவரு என்னக் கையெடுத்துக் கும்பிட்டாரு. அதெல்லாம் புகார்ல எழுத மாட்டாங்க பாருங்க.

தம்பி ஈஸ்வரன். என்ற வண்டி ஓட்டறவனும் அவன்தான். அவன் பேருல கிரைய ஒப்பந்தம் போட்டு முறையாப் பதிவு பண்ணினோம். "ஈஸ்வரனுக்கோ அல்லது அவர் காட்டும் நபருக்கோ கிரையம் செய்து கொடுக்க வேண்டியது"ன்னு எழுதினோம். பெரியவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு அந்த எடத்துல வெரல வெச்சு நிறுத்தி, "அவர் காட்டும் நபர்னா யாருங்க?"ன்னு கேட்டாரு. அது வழக்கமா எழுதறதுங்கன்னேன். வழக்கமா எழுதறதுதான். எந்தப் பத்திர எழுத்தர வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

இப்படி ஒப்பந்தம் வாங்கி, மூணாவது ஆளுக்குக் கைமாத்தி விடறது சட்டத்துல தப்பில்லீங்க. ஊரே பண்ணுது. லைசென்ஸ் வாங்கினவ பண்ணக்கூடாதாம். வித்துத் தர்றேன்னு ஒருத்தருக்கு ஏஜெண்டா நின்னுக்கிட்டு, மறுபக்கம் நாமளே வாங்கறவனா நிக்கக்கூடாதாம். நின்னாலும் சொல்லிட்டு நிக்கோணுமாம். தம்பிதான் வாங்கறான்னு நான் சொல்லலியா? தம்பி கிட்ட ஏது பதினாறு லட்சம்னு அவரு கேக்கல, நான் சொல்லல. லைசென்ஸ் இல்லாதவன் பண்ணினா வியாபாரம், நம்பரு வாங்கினவ பண்ணினா துரோகமாம்.

வாங்கினது ஷாஜகான் பாய். திருப்பூர் ரோட்டுல பேக்கரி வெச்சிருக்காரு. அவருக்குத் தெருக்குத்தெல்லாம் ஒரு கணக்கே இல்ல. கடைக்குப் பக்கமா, கார் நிறுத்த எடத்தோட ஒரு வீட்டு மனை வேணும்னு ஒரு வருஷமா எங்கிட்டச் சொல்லிட்டு இருந்தாரு. ஆமாங்க, பெரியவரு எனக்குப் போன் பண்ண அன்னிக்கே எனக்குப் பாய் ஞாபகம்தான் வந்துது. ஆளு யாருன்னு தெரிஞ்சு வெச்சுக்கறதுக்குத்தான எங்களுக்குக் கூலி?

வீட்டக் காட்டப் போனப்ப ருக்கு வாசப்படில உக்காந்து பொட்டு ஒட்டிட்டு இருந்தா. பாயோட கார் கண்ணாடில ஒண்ணு ஒட்டினா. அவரு சிரிச்சுக்கிட்டே இருக்கட்டும்னு வுட்டுட்டாரு. அப்புறம் கடைக்கு வந்து வெலை பேச உக்காந்தோம். இருபத்து மூணு சொன்னேன். அவரு கால்குலேட்டர எடுத்தாரு. பதினெட்டு, பத்தொம்பதுன்னு ஆரம்பிக்கறதுக்கு வாயத் தொறந்தாரு. நான் ஒரே ஒரு வார்த்தைதாங்க சொன்னேன். பாய், இது அந்தப் பொண்ணுக்குப் போற பணம்னேன். அந்த ஹோமு, கட்டிலு எல்லாம் சொன்னேன். அவரு கால்குலேட்டரக் கீழ வெச்சுட்டாரு. "அப்ப பேரம் பேசினா பாவம்மா, கேட்டதக் குடுத்தர்றேன்"னாரு. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அந்த நிமிசத்துல நான் சொன்னது நெஜந்தாங்க. பொய்யா இருந்தா கண்ணு கலங்குமா?

பத்திரத்துல கொறச்சுப் பதினாறுதான் எழுதறது, அத டிடியா பெரியவரு பேருல எடுங்கன்னேன். மீதி ஏழ எங்கிட்டக் குடுங்க, நான் பாத்துக்கறேன்னேன். பாத்துக்கறேன்னுதான் சொன்னேன், அவருக்குக் குடுக்கறேன்னு சொல்லல. வக்கீல் கிட்ட இதச் சொன்னப்ப என்ன ஒரு மாதிரிப் பாத்தாரு.

கமிஷன் ரெண்டு பர்சென்ட் வாங்கறது வழக்கம். பெரியவர் கிட்ட ஒண்ணுதான் வாங்கினேன். அதையும் சொல்லிர்றேன்.

பத்திரப்பதிவு அன்னிக்கு எனக்குப் பச்சத்தண்ணி பல்லுல படல. எங்க தொழில்ல பார்ட்டியப் பார்ட்டியோட பேச விடக்கூடாது. பெரியவரக் காருக்குள்ளயே உக்கார வெச்சேன், பாய எதுத்தாப்ல டீக்கடைல உக்கார வெச்சேன். டோக்கன் கூப்பிட்டதுக்கு அப்புறந்தான் உள்ள கூட்டிட்டுப் போனேன். ஈஸ்வரன் காட்டற நபர் இவருதான்னு பெரியவர் கிட்ட அப்பத்தான் சொன்னேன். ருக்குவும் வந்திருந்தா, புதுச் சேலை கட்டிக்கிட்டு. அவங்கப்பன் கைநாட்டு வெக்கறதப் பாத்து எனக்கும் எனக்கும்னு அடம் புடிச்சா. ஆபீசர் நல்ல மனுசன், ஒரு வேஸ்ட் பேப்பர்ல அவ கட்டவெரலயும் உருட்டி எடுத்துக் குடுத்தாரு. அதையே பாத்துக்கிட்டு நின்னா. "பணம் முழுசும் வந்துருச்சுங்களா?"ன்னு ஆபீசர் கேட்டாரு. "வந்துருச்சுங்க"ன்னாரு பெரியவரு. பாய் தலையாட்டினாரு. ரெண்டு பேரும் உண்மையத்தான் சொன்னாங்க.

வெளிய வந்ததும் பாய் ஒரு பை நெறையத் தேங்காய் பன்னு குடுத்தாரு ருக்குவுக்கு. பெரியவர் கையப் புடிச்சுக்கிட்டு, "பொண்ணு நல்லா இருக்கும் ஐயா"ன்னாரு. "எல்லாம் உங்க புண்ணியமுங்க"ன்னாரு பெரியவரு. நல்ல வேளை, அதோட நின்னுது. மணியாச்சு மணியாச்சுன்னு ரெண்டு பேரையும் ரெண்டு பக்கமாத் தள்ளிட்டேன்.

இருபது இல்லாம அந்த ஹோமுல சேத்துக்கல. பெரியவரு கெஞ்சிப் பாத்திருக்காரு, மாசாமாசம் பென்சன்ல கட்டறேன்னு. அவங்களுக்கும் ஒரு முறை இருக்குதில்ல. கடைசில உடுமலைக்கு அந்தப்பக்கம் ஒரு டிரஸ்ட் நடத்தற எலவச ஹோமுல வுட்டாரு. அங்க ஹால்ல வரிசையாக் கோரப்பாய் போட்டு நாப்பது பேரு. பெரியவரு பல்லடத்துலயே ஒத்த ரூம் வாடகைக்கு எடுத்துக்கிட்டாரு. எனக்குத் தெனமும் போன் பண்ணுவாரு. "பதினாறுக்குள்ள வேற ஹோமு ஏதாச்சும் இருக்குதுங்களா அம்முணி, ராத்திரில அழுகறாளாம்"னு. நான் என்ன ஹோமு ஏஜெண்டாங்க? பத்து நாள் பதில் சொன்னேன். அப்புறம் அந்த நம்பரப் பிளாக் பண்ணிட்டேன்.

ஐப்பசில பாய் பழைய வீட்ட இடிச்சுட்டு அஸ்திவாரம் தோண்டினாரு. கேட்டுக்குள்ள நேரா, தண்ணித் தொட்டிக்குப் பத்தடி பள்ளம். அந்த வாரம் மழைன்னா மழை, உங்க ஊர்லயும் பேஞ்சிருக்கும். பள்ளம் நெறைஞ்சு தெருத் தண்ணியும் அதுவும் ஒரே மட்டமா நின்னுது. காத்தால வேலைக்கு வந்த கொத்தனாருதான் பாத்திருக்காரு. சேலை மெதந்துது.

ஆஸ்பத்திரில, பொணத்த அறுக்கற ரூமு வாசல்ல, பெரியவரும் பாயும் ஒரே பெஞ்சுல உக்காந்திருக்காங்க. யாரு இருக்கறாங்க அங்க, பேசாதீங்கன்னு சொல்ல? பாயிக்குத் தன்னோட குழியில விழுந்துட்டாளேன்னு அழுகை. "அந்த நல்ல ஹோமுல இருந்து எப்படிங்க ஐயா வெளிய வுட்டாங்க? நான் இருபத்து மூணும் ஒரு ரூவா கொறைக்காமக் குடுத்தனே"ன்னாராம். பெரியவரு "எவ்வளவுங்க?"ன்னு ரெண்டு தடவை கேட்டாராம்.

அவ்வளவுதாங்க. அங்கயே ரெண்டு பேரும் சேந்துட்டாங்க. புகார பாய்தான் ஆள் வெச்சு எழுத வெச்சாரு. பெரியவரு கையெழுத்துப் போட்டுட்டு, பணம் திரும்பி வந்தாலும் எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டாராம். வேண்டாம்னா எதுக்குங்க புகாரு? என்ற நம்பரப் புடுங்கறதுக்குத்தான?

காப்பி குடிக்கறீங்களா? காப்பிக்காரத் தம்பி, ரெண்டு காப்பி. சர்க்கரை கம்மியா. நான் குடுக்கறேன், நீங்க எடுக்காதீங்க.

வக்கீல் தைரியமாத்தான் இருக்காரு. லேஅவுட்டு மனை இல்ல, பழைய வீடு, அதனால இந்தப் புகாரு ஆணையத்துக்குள்ளயே வராதுன்னு வாதாடலாங்கறாரு. ஆனா ஆணையத்துல இருந்து ஒரு கேள்வி அனுப்பியிருக்காங்க, எழுத்துல பதில் குடுக்கோணும். "மேற்படி கிரையத்தில் தாங்கள் எந்தத் தரப்பின் முகவர்?" அவ்வளவுதான் கேள்வி. வித்தவருன்னு எழுதினா ஏழு லட்சம் யாருதுன்னு கேப்பாங்க. வாங்கினவருன்னு எழுதினா பெரியவர் கிட்ட எதுக்குக் கமிஷன் வாங்கினேன்னு கேப்பாங்க. மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். வெறுமனே இருக்குது அந்தக் கோடு.

ஊர்ல எல்லாரும் ஒரே அதிசயமாப் பேசறாங்க. நாப்பது கிலோமீட்டரு, அந்தப் புள்ளை எப்படி வழி கண்டுபுடிச்சு வந்தான்னு. சாமி கூட்டிட்டு வந்துதுன்னு சொல்றாங்க. போலீசுல, நடந்தே வந்திருக்கோணும்னு எழுதிட்டாங்க. நாப்பது கிலோமீட்டரு எப்படிங்க நடப்பா? செருப்புத் தேயவே இல்ல, நான் பாத்தேனே.

...

நீங்க மெட்ராசுல எறங்கிட்டா நான் யாரோ, நீங்க யாரோ. அதனால சொல்றேன்.

என்ற ஆபீசுக்குத்தான் வந்தா. பல்லடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்லதான் ஆபீசு. ஒப்பந்தம் பேசப் போனப்பெல்லாம் அவளுக்குப் பொட்டு அட்டை வாங்கிட்டுப் போவேன். சித்தின்னு கூப்பிடுவா. ஒரு நாள் வெளையாட்டுக்கு என்ற கார்டு ஒண்ணக் குடுத்தேன், அதுல என்ற போட்டோ போட்டிருக்கும். அதப் பத்திரமா ஜாக்கெட்டுக்குள்ள வெச்சிருந்திருக்கா. அந்த ஹோமுல கேட்டு தொறந்திருந்த நேரமாப் பாத்து வெளிய வந்து, எவனோ கண்டக்டர் கிட்டக் கார்டக் காட்டியிருக்கா. அவன் அட்ரசப் படிச்சுட்டு, காசு கூட வாங்காம பல்லடத்துல எறக்கி வுட்டுருக்கான். சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். தெப்பலா நனைஞ்சு வாசல்ல நின்னுக்கிட்டு, "சித்தி, வீட்டுக்கு"ங்கறா.

உள்ள ஒரு பார்ட்டி உக்காந்திருக்குதுங்க. ஒரு ஏக்கர் காட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க வந்த பார்ட்டி. வேட்டி நுனியத் தூக்கிக்கிட்டு, யாருங்க இதுன்னு கேக்கறான். பெரியவருக்குப் போன் பண்ணியிருக்கலாம். பண்ணியிருக்கலாந்தான். நம்பரப் பிளாக்குல இருந்து எடுக்கோணும், அவரு வருவாரு, அழுவாரு, அந்தப் பார்ட்டி முன்னாடி கட்டிலப் பத்திப் பேசுவாரு. நான் ஈஸ்வரனக் கூப்பிட்டு, இவள வீட்டுல கொண்டுபோய் வுட்டுட்டு வாடான்னேன். எந்த வீடு அக்கான்னான். அவங்க வீடுதான்டான்னேன், பாக்காமயே. அவனுக்குத் தெரிஞ்ச வீடு அது ஒண்ணுதான. அவன் பேர்ல ஒப்பந்தம் போட்ட வீடு. இடிச்சது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

தெருவுல சேறு, வண்டி போகாதுன்னு மொனையிலயே எறக்கி வுட்டுருக்கான். நேராப் போனா வீடு, போயிரு அக்கான்னு சொல்லிட்டுத் திரும்பிட்டான். அவளுக்கு வழி சொல்லோணுமா? தெருக்குத்து வீடு. கண்ண மூடிக்கிட்டு நடந்தாலும் கேட்டுக்குள்ளதான் போய் நிக்கும்.

கேசுல இதப் பத்தி ஒரு வரி இல்லீங்க. யாரும் கேக்கல. ஏழு லட்சத்தத்தான் கேக்கறாங்க. ஏழு லட்சத்தக் குடுத்துரலாம், பேங்குலதான் கெடக்குது, நான் அதத் தொடல. எதுக்குத் தொடலன்னு தெரியல.

தம்பி கிட்டயும் இதப் பத்திப் பேசறதில்ல. அவன் இப்ப வண்டி ஓட்டறதில்ல, பனியன் கம்பெனிக்குப் போறான். என்ற மூஞ்சியப் பாக்கறதில்ல.

சேலம் வந்துருச்சாட்டம் இருக்குது. சரி, உங்க எடத்துக்கு வருவோம். சென்னிமலைல இப்ப நல்ல வெலை. அவசரப்பட்டு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுராதீங்க. அவர் காட்டும் நபர்னு எழுதியிருந்தா யாருன்னு கேளுங்க. கேட்டுட்டு, பதிலு வர்ற வரைக்கும் பேனாவ எடுக்காதீங்க. என்ற நம்பரு இருக்குதோ போகுதோ, உங்களுக்கு நான் நல்லபடியா முடிச்சுத் தரேன். கார்டு தரேன்னேன் பாருங்க. இப்பப் புதுசா அடிச்சுட்டேன், போட்டோ இல்லாம. அந்தப் பையக் கொஞ்சம் எடுங்க. சைடு ஜிப்புல இருக்குது, நீங்களே எடுத்துக்குங்க.

ஐயோ, அதில்லீங்க. அதக் குடுங்க இங்க. அது பழசு. அன்னிக்கு ஈஸ்வரன் கூட அனுப்பறப்ப அவ கையில இருந்து நான் வாங்கிக்கிட்டது. மறுபடியும் யார்கிட்டயாவது காட்டிட்டு ஆபீசுக்கு வந்துருவாளேன்னு வாங்கிக்கிட்டேன். குடுக்க மாட்டேன்னு இறுக்கிப் புடிச்சா, வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சுத்தான் எடுத்தேன்.

குடுங்க அம்முணி. அந்தப் பொட்டச் சொரண்டாதீங்க. என்ற போட்டோ நெத்தில அவ ஒட்டினது, மழைல நனைஞ்சும் விழுகல.